பிளைண்ட் டிரஸ்டில் போட்டால் போதுமா?

அமைச்சர் தன் பங்குகளை பிளைண்ட் டிரஸ்டில் (உள்ளே என்ன இருக்கிறது என்று உரியவருக்கே தெரியாதபடி வேறொருவர் நிர்வகிக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டார், இனி நலமுரண், அதாவது பதவிக் கடமையோடு சொந்த லாபம் மோதுவது, எங்கே என்று நண்பர் வாதிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அதை நிர்வகிக்கும் டிரஸ்டி அந்தப் பங்குகளை விற்றுவிட்டாரா?

பெட்டியைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்தாலும், உள்ளே இருப்பது என்னவென்று வைத்தவருக்குத் தெரியுமே! மருந்து நிறுவனப் பங்கு உள்ளே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே மருந்து விலைக் கோப்பில் கையெழுத்துப் போடலாம். பழையதை விற்று, புதிதாக வாங்கியதைச் சொல்லாமல் இருந்தால்தான் அந்தப் பெயருக்கே பொருள். அமெரிக்க விதியும் கிட்டத்தட்ட இதுதான்: முதலில் போட்ட சொத்து விற்கப்படும் வரை, அல்லது மதிப்பு 1,000 டாலருக்குக் கீழே இறங்கும் வரை, நலமுரண் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். (அங்கே நலமுரண் குற்றச் சட்டம் அதிபரையும் துணை அதிபரையும் தொடாது என்பது வேறு கதை.)

நிலம், குடும்ப நிறுவனம் என்றால் இன்னும் சிக்கல்; கண்ணெதிரே நிற்பதை எப்படி மறைப்பது? அப்புறம், டிரஸ்டி யார் என்றும் பாருங்கள். மைத்துனர் என்றால் விவாதத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.