72 வயசுல ஆபரேஷன் தாங்குமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருக்கற அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டு, லெட்டர் முழுக்க அவங்க வயசைப் பத்தி எழுதிட்டு, கடைசி வரியில போற போக்குல "ஒரு வாரமா இடது கால் மட்டும் வீக்கம், உக்காந்தே இருக்கறதால இருக்கும்"னு முடிச்சிருக்கீங்க. எனக்கு பயமே அந்த வரிதான். ரெண்டு காலும் வீங்கினா ஆயிரம் காரணம் சொல்லலாம், புற்றுநோய் இருக்கறவங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்குதுன்னா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கான்னு முதல்ல பாத்தாகணும். இதுல ரத்தப்போக்கு நிக்கட்டும்னு நீங்களாவே மெடிக்கல்ல டிரானெக்சாமிக் மாத்திரை வாங்கி மூணு வேளையும் வேற குடுத்திட்டிருக்கீங்க! அது கட்டின ரத்தத்தைக் கரையவிடாத மாத்திரைங்க. நிறுத்துங்க, இன்னிக்கே கால்ல ரத்த ஓட்டத்தைப் பாக்கற டாப்ளர் ஸ்கேன் எடுங்க, மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ ஸ்கேனுக்குக்கூட நிக்காம நேரா எமர்ஜென்சி.

ரத்தக்கட்டி இல்லைன்னு வந்தாலும் விட்டுடாதீங்க. இடுப்புக்குள்ள நெறிகட்டி பெருசாகி அழுத்தினாலும் இதே மாதிரி ஒரு கால்தான் வீங்கும். அப்படின்னா அது ஆரம்ப ஸ்டேஜே இல்ல, ஆபரேஷனை விட்டுட்டு ரேடியேஷன்தான் பேசணும். எம்ஆர்ஐ எடுத்தது வீக்கத்துக்கு முன்னாடின்னா உங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

நெறிகட்டி ஒண்ணும் இல்லைன்னா, கர்ப்பப்பை வாயில 1.8 செமீ கட்டிங்கறது நல்லா குணப்படுத்தக்கூடியது. "இந்த வயசுல எதுக்கு, சும்மா விடுங்க"ன்னு சொல்ற சொந்தக்காரங்க, சும்மா விட்டா என்னாகும்னு பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். சிறுநீர்க்குழாய் அடைச்சு கிட்னி போய், ரத்தத்துல துணி துணியா நனைஞ்சு வருவாங்க. வயசை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல, இதயமும் கிட்னியும் எப்படி இருக்குன்னுதான் பாப்போம், உங்க அம்மா தானாவே ரெண்டு மாடி ஏறுறாங்களே.

இந்த சைஸ்ல ஆபரேஷனும் ரேடியேஷனும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். 2 செமீக்குள்ள இருந்து ஆழமா இறங்கலன்னா சாதாரண ஆபரேஷன்ல கர்ப்பப்பையை மட்டும் எடுத்து நெறிகட்டியை செக் பண்ணாலே போதும்னு 2024ல வந்த ஆய்வு சொல்லுது, சுத்தியிருக்கற திசுவையும் சேத்து எடுக்கற பெரிய ஆபரேஷன் தேவைப்படாம போகலாம். மயக்க மருந்து ஒத்துக்காதுன்னா ரேடியேஷன், வெளியிலருந்து சுமார் 5 வாரம், அப்புறம் உள்ளே கதிர்வீச்சுக் கருவி வச்சு சில சிட்டிங். ரெண்டையும் சேத்து வாங்கற நிலைமை வந்தா பக்கவிளைவும் அதிகமாகும், அதனால எது ஒண்ணு போதும்னு முதல்லயே கேட்டுக்கோங்க. பெரிய ஆபரேஷன்தான்னா வயித்தைத் திறந்து பண்றதே நல்லது, லேப்ராஸ்கோப்பில நோய் திரும்பி வர்றது அதிகம்னு 2018லயே தெரிஞ்சுபோச்சு.

சர்க்கரையை நிறுத்தினா கட்டி சுருங்கும்னு வீடியோ பாத்தீங்களாம். சுருங்காது. அம்மா நல்லா சாப்பிடட்டும், சிகிச்சைக்கு முன்னாடி எடை குறையவே கூடாது.