வெஞ்சென்ஸ், பிரிடேட்டர்: பெயருக்கேற்ற பலம் உண்டா?

கேள்வி: காலபோக நெல் வித்த காசில் மகளுக்குக் கொம்பியூட்டர் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனேன். பெட்டிகளில் எல்லாம் வெஞ்சென்ஸ், பிரிடேட்டர் என்று பெயர்கள், விலையும் கூட. பெயருக்கேற்ற பலம் இருக்குமா?

பெயரை வைத்துச் சொல்லேலாது, அண்ணை. பிரிடேட்டர் என்றால் வேட்டை மிருகம்; வெஞ்சென்ஸ் என்றால் பழிவாங்கல். கோர்செயர் கம்பனி விற்கும் சாதாரண ராமுக்கும் (கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகம்) அந்தப் பெயர்தான். கேம் விளையாடும் இளம் பெடியளின் மனதைப் பிடிக்க வைத்தது. முரட்டுப் பெயர் எல்லாம் பொய்யுமில்லை: ஏஎம்டி கம்பனி 2017இல் விட்ட த்ரெட்ரிப்பர் (நூலைக் கிழிப்பது) 16 கோர் (கணக்குப் போடும் பகுதி) வரை கொண்ட, பாரமான வேலை செய்யும் சிப்.

எனக்குக் கோபம் வருவது ஒரே பெயரில் இரண்டு பொருளை விற்கும்போதுதான். என்விடியா கம்பனியின் ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராபிக்ஸ் கார்ட் (திரையில் படம் காட்டும் அட்டை) 2016இல் 3 ஜிபி, 6 ஜிபி என வந்தது. நினைவகம் மட்டும் வேறு என்றுதான் யாரும் நினைப்பர். உள்ளே கோர்களும் 1152, 1280 என்று வேறு. 2022இல் அவர்களின் ஆர்டிஎக்ஸ் 4080 கார்டை 12, 16 ஜிபி என அறிவித்தபோதும் அதே கதை. எதிர்ப்பு எழும்பியதும் 12 ஜிபியை விற்பனைக்கு முன்பே மீளப் பெற்றார்கள்.

ஆகவே கடையில் முழு மொடல் இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயருக்குக் கொடுக்கும் மிச்சக் காசில் ஒரு யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பட்டரிப் பெட்டி) வாங்கலாம். மாரியில் கரண்ட் போகும்போது மகளின் வேலை அழியாது.