ஹாரி டீன் ஸ்டான்டன் ஆகப்போறானாம், அக்கா!

"ஹீரோ ஆகணும்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் அக்கா. யாரோ ஹாரி டீன் ஸ்டான்டனாம், அமெரிக்கக் குணச்சித்திர நடிகராம். கூகுள்ல பார்த்தோம். ஒட்டிப்போன கன்னம், தூக்கம் கெட்ட கண்ணு. ஆஸ்கர் கிடையாது. கல்யாணமே பண்ணிக்கலையாம்!"

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து போன வாரம் ஒரு அம்மா வீடியோவில் வந்து புலம்பினார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் மூன்று வருடமாகக் கிழவன் வேஷம்தான், அதுவும் கேட்டு வாங்கியது. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். நியூஜெர்சிப் பெரியப்பா ஸ்பீக்கர்போனில்: "நடிக்கத்தான் போறான்னா நியூயார்க்ல பெரிய யூனிவர்சிட்டியா போகட்டும். நாலு பேர்கிட்ட சொல்லிக்கவாவது முடியும்." பையன் ஹார்மோனிகாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான், கையில் துடைத்தான், வாசிக்காமலே திருப்பி வைத்துக்கொண்டான்.

ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் இல்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். பெரியப்பாவின் யோசனைதான் ஆபத்து. நியூயார்க்கின் அந்த மாதிரித் தனியார் பல்கலைக்கழகத்தில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. நாலு வருடம் போட்டுப் பாருங்கள். அந்தக் கடனோடு வெளியே வருகிற பையன் ஆடிஷனுக்கா போவான்? தவணைக்குத்தான் ஓடுவான். சொல்லிக்கொள்ளப்போகிறவர் பெரியப்பா, கையெழுத்துப் போடப்போகிறவர் நீங்கள்.

உங்கள் பையன் பெயர் சொன்ன மனிதரையே எடுத்துக்கொள்வோம். 1926-இல் கென்டக்கியில் பிறந்தவர். அப்பா புகையிலை விவசாயி, முடிதிருத்துபவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைக் கப்பலில் சமையல் வேலை. ஒகினாவா சண்டையின்போது அங்கே இருந்தார். பிறகு கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இதழியலும் வானொலியும் படிக்கப் போய், கல்லூரி நாடகத்தில் நடித்து, பட்டம் வாங்காமலே கலிஃபோர்னியாவின் பாஸடீனா ப்ளேஹவுஸ் நாடக அரங்குக்கு வந்து சேர்ந்தார். ஐம்பதுகளின் நடுவில் சின்னச் சின்ன வேஷங்கள். கௌபாய் படங்களில் சுடப்பட்டு விழுகிற ஆள். 1966-இல் வந்த ஒரு கௌபாய் படத்தில் ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிய கொள்ளைக்காரன். அந்தப் படத்தை எழுதிய நடிகர் ஜாக் நிக்கல்சன் அவருடைய நண்பர். "நீ ஒண்ணும் பண்ணாதே, உடுப்பு நடிச்சுக்கும்" என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னதே தனக்கு நடிப்பு பிடிபட்ட இடம் என்று ஸ்டான்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் கதாநாயக வேஷம், 'பாரிஸ், டெக்ஸஸ்', 1984-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 58-ஐ ஒட்டி. படம் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதை வாங்கியது. 2017-இல் 91 வயதில் இறந்தார். நாயகனாக நடித்த 'லக்கி' படம் அதே வருடம்தான் வெளியானது.

பாட்டையும் விடவில்லை. 1967-இல் 'கூல் ஹேண்ட் லூக்'கில் சிறைக்கைதியாக வந்து பக்திப்பாட்டு பாடினார். லாஸ் ஏஞ்சலஸ் கிளப்களில் தன் குழுவோடு வாசித்தார். 'லக்கி'யில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் ஸ்பானியப் பாட்டு. ஆகவே "மியூசிக்கையாவது நிறுத்து" என்று பேரம் பேசாதீர்கள். குணச்சித்திர நடிகனுக்கு அது தொழில் கருவி.

உங்கள் பையனுக்கும் அப்படி 58 வயதில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிற செலவில் தொடங்குங்கள் என்கிறேன்.

அதற்கு யாரும் உங்களிடம் சொல்லாத ஓர் இடம் இருக்கிறது. 101 நெடுஞ்சாலையில் தெற்கே நாலு மணி நேரம் ஓட்டினால் சாண்டா மரியா. அங்கே ஆலன் ஹான்காக் கல்லூரி, சாதாரணக் கம்யூனிட்டி காலேஜ்தான், அதாவது குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படிக்கிற அரசுக் கல்லூரி. அதற்குள்ளே 1964 முதல் நடக்கிறது பசிபிக் கன்சர்வேட்டரி தியேட்டர், பிசிபிஏ என்பார்கள். தொழில்முறை நாடகக் குழுவும் இரண்டு வருடப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ். மாணவர்கள் சம்பளத்துக்கு நடிக்கிற நடிகர்களோடு ஒரே மேடையில் நிற்கிறார்கள். கோடையில் பக்கத்து சோல்வாங்கில் திறந்தவெளி அரங்கு. ராத்திரி குளிருக்குக் கம்பளியோடு வந்து உட்காரும் ஜனங்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். அவர்கள் முன்னால் கிழவன் வேஷம் எடுபடுகிறதா என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். நடிப்பு கைகூடவில்லை என்றால் ஒளி, ஒலி, உடை, மேடை நிர்வாகத்துக்கும் அங்கேயே தனிப் பயிற்சி உண்டு.

படிப்பை யூனிட் கணக்கில் அளப்பார்கள்; கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட் என்று வைத்தாலும் 2,760. அறை வாடகை தனி. நாள் முழுக்க வகுப்பு, ஒத்திகை என்று போவதால் பகுதிநேர வேலையை நம்பாதீர்கள். பின்னால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் நடிப்பு யூனிட்கள் எல்லாம் அங்கே கணக்கில் மாறும் என்றும் எண்ணாதீர்கள். எது மாறும் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடம் ஆடிஷனில்தான், மதிப்பெண்ணில் இல்லை.

தம்பி, இது உனக்கு. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் மருத்துவக் காப்பீடு கிடைக்க வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல் நடிப்பில் சம்பாதிக்க வேண்டும். பெரும்பாலான உறுப்பினர்கள் அதை எட்டுவதில்லை. அப்பாவின் காப்பீட்டில் நீ 26 வயது வரை இருக்கலாம். அந்தப் பிறந்தநாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து வை. அதற்குள் மேடை வெளிச்சமோ தச்சுவேலையோ ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆடிஷனுக்கு அப்பாவே காரில் கூட்டிப் போகட்டும். நாலு மணி நேரமும் படிப்பைப் பற்றிப் பேச்சு வேண்டாம். ஹார்மோனிகாவை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். கல்யாணக் கவலையை அப்புறம் பார்க்கலாம். பையனுக்கு 17 வயதுதான் ஆகிறது.