டிஸ்ப்ரோசியம் தேடும் சின்னக் கம்பெனியில் மகளுக்கு வேலை: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

"வருமானமே இல்லாத கம்பெனியாம், நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பெர்த்தில் எம்.எஸ்சி. ஜியாலஜி முடிக்கும் மகளுக்கு, டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் உலோகத்தைத் தேடும், சுரங்கம் இல்லாத சுரங்கக் கம்பெனி வேலை தருகிறது. ஊரில் கல்விக்கடன் தவணை காத்திருக்கிறது. பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஜூனியர் என்று சொல்லப்படும் இந்தக் கம்பெனிகள் எல்லாமே அப்படித்தான். பங்கு விற்றுப் பணம் திரட்டி, அந்தப் பணத்தில் நிலத்தில் துளை போட்டுக் கனிமம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவற்றின் தொழில். அதனால் லாபத்தைக் கேட்காதீர்கள். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள்.

அதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் உள்ள ஆய்வுக் கம்பெனிகள், காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் 'அப்பெண்டிக்ஸ் 5பி' என்ற வரவு செலவு அறிக்கையை வெளியிட வேண்டும். அதன் 8-வது பகுதியில், இருக்கும் பணம் எத்தனை காலாண்டுக்கு வரும் என்ற எண் இருக்கும். அது 2-க்குக் கீழே போனால், அடுத்த பணம் எங்கிருந்து வரும் என்று கம்பெனி அதே தாளில் விளக்க வேண்டும். இந்த எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒரு காலாண்டின் செலவை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். வட ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மண் பாதைகள் அறுந்து, துளையிடும் எந்திரம் நின்றுவிடும். செலவு குறைவதால் அந்தக் காலாண்டில் எண் அழகாகத் தெரியும். மகளை நான்கு காலாண்டுச் செலவைக் கூட்டிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். சராசரிப்படி ஓராண்டுக்குப் பணம் இருந்தால் சேரலாம். ஆறு மாதம்தான் என்றால், வேறு வேலை தேடுவதை நிறுத்தாமல் சேரலாம்.

கம்பெனி உண்மையில் எதைத் தேடுகிறது என்பது அடுத்த கேள்வி. அரிய மண் உலோகங்கள் என்று பொதுவாகச் சொன்னாலும், அவற்றில் இலேசான வகை, கன வகை என்று இரண்டு உண்டு. கன வகையில் விலை மதிப்புள்ளவை முக்கியமாக டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும்தான். மின்வாகன மோட்டாரில் உள்ள நியோடிமியம் காந்தம் சூட்டில் வலு இழக்காமல் காப்பவை இவை. நம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமம் பெரும்பாலும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்ற இலேசான வகை. கன வகைக்குச் செனோடைம் என்ற கனிமமோ, தென் சீனாவிலும் மியான்மரிலும் இருப்பது போன்ற களிமண் படிவோ வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹால்ஸ் க்ரீக்கிலிருந்து சுமார் 160 கி.மீ. தென்கிழக்கே உள்ள பிரவுன்ஸ் ரேஞ்ச் செனோடைம் வகை. அங்கே நார்தர்ன் மினரல்ஸ் 2018-இல் சோதனை ஆலையே இயக்கியது. 2022-இல் தாதுவை இலூக்கா கம்பெனியின் எனியாபா சுத்திகரிப்பு ஆலைக்குத் தர ஒப்பந்தம் போட்டது. இந்தத் துறையில் அரசியலும் உண்டு. 2024 ஜூனில் அதே கம்பெனியின் சில வெளிநாட்டுப் பங்குதாரர்கள் பங்குகளை விற்றுவிட வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கருவூல அமைச்சர் உத்தரவிட்டார். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. இப்படிப்பட்ட செய்திகளுக்கு ஏற்பத்தான் முதலீடு வருவதும் வற்றுவதும்.

மகளுக்கு வேலை தரும் கம்பெனி பங்குச் சந்தைக்குத் தரும் துளை முடிவு அறிவிப்புகளை அவளே படித்துப் பார்க்கட்டும். "மொத்தத்தில் 80 சதவீதம் கன வகை" என்று போட்டிருந்தால் மயங்கக் கூடாது. மொத்தம் என்பது எல்லா அரிய மண் உலோகங்களும் சேர்ந்த அளவு; யட்ரியத்தையும் கன வகையில்தான் சேர்ப்பார்கள். செனோடைம் என்பதே யட்ரியம் பாஸ்பேட். மொத்தத்தில் பாதிக்கு மேல் விலை குறைந்த யட்ரியமாகவே இருக்கும். டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு, டெர்பியம் ஆக்சைடு இரண்டையும் தனித்தனியாக, டன்னுக்கு எத்தனை கிராம் என்று கொடுக்கிறார்களா? கொடுக்காத கம்பெனி மீது எங்களுக்கு நம்பிக்கை குறைவு. பரிசோதனை முறையும் முக்கியம். செனோடைம் அமிலத்தில் லேசில் கரையாது. நான்கு அமிலக் கரைப்பில் அளவு குறைவாகத்தான் வரும். உருக்கிக் கரைக்கும் ஃப்யூஷன் முறையில் செய்தால்தான் முழு அளவு தெரியும். களிமண் படிவுக்கு இது தலைகீழ். அங்கே மொத்த அளவு பெரிதாகத் தெரிந்தாலும், அம்மோனியம் சல்பேட் கரைசலில் எவ்வளவு பிரிந்து வருகிறது என்பதுதான் காசு. அந்த எண் இல்லாத அறிவிப்பு அரைகுறை.

வேலை எப்படி என்று கேட்டீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பெரும்பாலும் 14 நாள் முகாமில், 7 நாள் விடுப்பில். பாறையைப் பொடியாக்கிக் காற்றழுத்தத்தால் மேலே கொண்டுவரும் ஆர்.சி. துளையில் மீட்டருக்கு ஒரு மாதிரி வரும். 2–3 கிலோ துணிப்பையில் போகும். ஒரு பிடியைச் சலித்துக் கழுவி, 20 அறை கொண்ட தட்டில் வரிசையாகப் போட்டு, பாறை வகை எழுத வேண்டும். எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கைக்கருவியான எக்ஸ்.ஆர்.எஃப். டிஸ்ப்ரோசியத்தை நம்பகமாகக் காட்டாது. அதன் எக்ஸ் கதிர்க் கோடு இரும்பின் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். யட்ரியத்தை நன்றாகக் காட்டும். அதனால் யட்ரியம் ஏறும் இடத்தைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பை எண்ணும் மீட்டரும் ஒன்று தள்ளிப்போவது, நிலத்தடி நீருக்குக் கீழே ஈரமாக வரும் மாதிரியை, நுண்தூள் கழுவிப் போனதைக் குறிக்காமல், உலர்ந்ததுபோல் எழுதுவது. சுமார் இருபதுக்கு ஒன்றாகத் தரமாதிரியும் (அளவு முன்பே தெரிந்தது) வெற்று மாதிரியும் (உலோகம் இல்லாதது) இரட்டை மாதிரியும் (அதே மாதிரியின் இன்னொரு பங்கு) செருகுவது இந்தப் பிழைகளைப் பிடிக்கத்தான். இதைச் சிரத்தையாகச் செய்யும் கம்பெனியில் இரண்டு ஆண்டு இருந்தால் கைத்தொழில் வந்துவிடும்.

செனோடைமில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். துளையிடும்போது எழும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, உடலில் மாட்டும் கதிர்வீச்சு அளவி தருவார்களா, தூசியைத் தடுக்கும் பி2 முகக்கவசம் உண்டா என்று மகள் கூச்சமின்றிக் கேட்கலாம். நல்ல கம்பெனி அந்தத் தாளையே அனுப்பிவிடும்.

விசா விஷயத்தில்தான் நாங்கள் கண்டிப்பாக இருப்போம். படிப்புக்குப் பிறகு கிடைக்கும் 485 விசாவில் எந்த முதலாளியோடும் பிணைப்பு இல்லை. கம்பெனி மூடினாலும் விசா தொடரும். முதலாளியே ஸ்பான்சர் செய்யும் 482 விசாவில் வேலை போனால், அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள்தான். பலருக்கும் தெரியாதது இன்னொன்று: கம்பெனி திவாலானால் நிலுவைச் சம்பளத்தைத் தரும் ஆஸ்திரேலிய அரசுத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் உண்டு; 485, 482 போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. ஆகவே முதல் ஜூனியர் வேலைக்கு 485-இலேயே போகட்டும். மூன்று மாதக் கடன் தவணையைத் தனியாக வைத்த பிறகு மற்றச் செலவைப் பார்க்கட்டும். சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பங்கு விருப்புரிமை (பின்னாளில் குறித்த விலையில் கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை) தருகிறோம் என்றால், அதைப் பூஜ்யம் என்று எண்ணி மீதித் தொகை குடும்பத்துக்குப் போதுமா என்று பாருங்கள். முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதிய நிதி 2025 ஜூலை முதல் 12 சதவீதம். அது சம்பளத்துக்கு மேலா உள்ளேயா என்று கடிதத்தில் இருக்க வேண்டும்.

பின்னாளில் கனிம வளக் கணக்கில் கையெழுத்திடும் தகுதி பெற, கனிம வள அறிக்கைகளுக்கான ஆஸ்திரேலிய 'ஜோர்க்' விதிப்படி அந்த வகைப் படிவில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமும் ஆஸ்ஐஎம்எம் அல்லது ஏஐஜி போன்ற தொழில்முறை அமைப்பில் உறுப்பினர் தகுதியும் வேண்டும். கன அரிய மண்ணில் அந்த அனுபவம் உள்ளவர்கள் சொற்பம். இந்தக் கம்பெனியே முழுகினாலும் அந்த ஆண்டுகள் அவள் கணக்கில் இருக்கும். மாணவர் உறுப்பினராக இப்போதே சேரச் சொல்லுங்கள்.

கையெழுத்திடும் முன் மின்னஞ்சலில் நான்கைக் கேட்கட்டும்: மழைக்காலத்தில் சம்பளம் தொடருமா, அலுவலக வேலை தருவார்களா, களத்தில் அவளுக்கு மேல் எத்தனை ஆண்டு அனுபவமுள்ள ஜியாலஜிஸ்ட் இருப்பார், வேலை நீக்கத்துக்கு எத்தனை வார முன்னறிவிப்பு. பதில் தொலைபேசியில் வந்தால், எழுத்தில் திருப்பிக் கேட்கட்டும். கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கான உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை இந்த மாதமே முடிக்கட்டும். களத்து ஃபோர் வீல் டிரைவ் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர் இருக்காது.