தாத்தாவுக்கு ஒரு சவாரி, பேத்திக்கு ஒரு சவாரி

கேள்வி: எனக்கு 64 வயது. பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி இல்லை. இரண்டு ஆண்டுகளாக என் தங்கையின் பேத்தி என்னிடம் வளர்கிறாள், ஏழு வயது. அவள் ஓடினால் பின்னால் ஓட முடியவில்லை. தரையில் உட்கார்ந்து விளையாடினால், எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். அதனால் பழைய சைக்கிளைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கினேன். முதல் நாளே பத்து கிலோமீட்டர். நான்காம் நாள் முழங்கால் வலி பிடித்துக்கொண்டது. அன்று மாலை அவள் பள்ளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டேன். “தாத்தா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று பயந்துபோய் எழுப்பினாள். சைக்கிளை மீண்டும் மூலையில் சாய்த்துவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வயதில் இது வேண்டாத வேலையா? அவளையும் கூட்டிக்கொண்டு போனால், அவளோடு இருந்ததாகவும் ஆகும், எனக்குப் பயிற்சியும் ஆகும் அல்லவா? அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது எனக்கு 75 ஆகியிருக்கும் என்ற கணக்கு இரவில் தூங்கவிடுவதில்லை.

பதில்: அன்புள்ள ஐயா, வேண்டாத வேலை இல்லவே இல்லை. ஆனால் பத்து கிலோமீட்டரில் தொடங்கியது தவறு. பல ஆண்டுகள் சும்மா இருந்த கால்களை ஒரே நாளில் வேலைக்கு இழுத்தால், அவை நான்காம் நாள் கணக்குக் கேட்கத்தான் செய்யும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநார்களும் மூட்டுகளும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். “இன்னும் கொஞ்சம் போகலாமே” என்று நெஞ்சு சொல்லும்போது முழங்கால் பின்தங்கி நிற்பது இதனால்தான்.

வலி எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. முட்டிச்சில்லுக்கு முன்பக்கம் என்றால், முதலில் சீட்டின் உயரத்தைச் சந்தேகப்படுவேன். நீண்ட நாள் கழித்து ஏறுகிறவர்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சுமை முழுவதும் அங்கேயே விழும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால், முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ளப் பழகுங்கள். காலைத் தூக்கிப் போடுவது சிரமமாக இருந்தால், வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு ஏறுங்கள். வயதானவர்கள் ஓட்டும்போது மட்டும் விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்கூடத் தடுமாறுகிறார்கள். சீட்டைச் சரிசெய்து, ஒரு வாரம் ஓய்வு கொடுத்த பிறகும் வலி நீடித்தாலோ, முழங்கால் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதால், எப்படியும் ஒருமுறை மருத்துவரிடம் “சைக்கிள் ஓட்டப் போகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். சில வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறுவதையே மட்டுப்படுத்தும். அவற்றைச் சாப்பிடுகிறவர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஏமாந்துபோவார். அதைவிட நம்பகமான அளவுகோல் உங்கள் வாயிலேயே இருக்கிறது. ஓட்டும்போது வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. பேச்சும் தடைபட்டால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், இறங்கி உட்கார்ந்து, தயங்காமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். அன்று ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே அளவுதான். ஆனால் அந்த எண்ணை நாளைக்கே எட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம், சமதரையில் போதும். பிறகு சவாரி நேரத்தை வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கியர் இருந்தால் லேசானதில் வைத்து, கால்கள் விரைந்து சுழலும்படி மிதியுங்கள். அழுத்தி அழுத்தி மிதிப்பது முழங்காலுக்கு ஆகாது. கியர் இல்லையென்றால் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் சைக்கிளை எடுத்ததே தரையிலிருந்து எழ முடியாததால்தான். அதற்குச் சைக்கிள் மட்டும் போதாது. உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால்தான் மூட்டுகளுக்கு அது சுகமாக இருக்கிறது. அதே காரணத்தால் எலும்பு உறுதிப்பட அது பெரிதாக உதவுவதில்லை. அதே வழிகாட்டுதல் வாரம் இரண்டு நாள் தசைகளுக்கும், 65 வயதிலிருந்து மூன்று நாள் உடல் சமநிலைக்கும் பயிற்சி கேட்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். படி ஏறுங்கள். சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்பதில் பேத்தி உங்களோடு போட்டிக்கு வருவாள், வரட்டும்.

சைக்கிளுக்கு மட்டும் அவளைச் சேர்க்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளாத இடம் இது ஒன்றுதான். ஏழு வயதுக் குழந்தையோடு போகும்போது உங்கள் கண் அவள் சக்கரத்தின் மேல் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவள் நிற்பாள், இறங்குவாள், ஒரு கல்லைப் பொறுக்கிக் காட்டுவாள். அதில் உங்களுக்குப் பயிற்சி கிடைக்காது. பயிற்சிக்காக அவளை அவசரப்படுத்தினால் அவளுக்கு மகிழ்ச்சி கிடைக்காது. கேரியரில் உட்கார வைத்துக்கொள்ளவும் வேண்டாம்: பின்னால் பாரம் ஏறினால் வண்டி தள்ளாடும், பிரேக் பிடித்தாலும் நிற்க அதிக தூரம் எடுக்கும், குழந்தையின் குதிகால் ஆரக்கம்பிக்குள் சிக்கினால் காயம் கடுமையாக இருக்கும். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் உங்கள் சவாரி. மாலையில் அவள் சவாரி, அதில் நீங்கள் வெறும் துணை. தனியாகப் போகும் அந்த அரை மணி நேரம் அவளிடமிருந்து திருடியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை ஐயா. மாலையில் விழித்திருக்கும் தாத்தா அவளுக்கு அந்த அரை மணியில்தான் கிடைக்கிறார்.

அவளுக்கு இன்னும் ஓட்டத் தெரியாது என்றால், ‘வளர்ந்த பிறகும் ஆகும்’ என்று பெரிய சைக்கிள் வாங்கிவிடாதீர்கள். நம் தலைமுறை குரங்குப் பெடல் போட்டுக் கற்றது, வேறு வண்டி இல்லாததால். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், பிரேக் அவள் விரலுக்கு எட்ட வேண்டும். முதலில் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். பாதங்களைத் தூக்கிக்கொண்டு சற்று தூரம் மிதந்து போகிற நாள் வந்ததும் பெடலை மாட்டுங்கள். நீங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஓட வேண்டிய அவசியமே வராது. உங்கள் இடுப்பும் தப்பிக்கும். வண்டிகள் வராத திடலில் மட்டும் ஓட்டட்டும். வருகிற வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் இந்த வயதில் முதிர்ந்திருக்காது, எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தாலும். ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும்: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றியை மூடியபடி. டயரில் காற்றும் பிரேக்கும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப், அதை முதலில் செய்து பார்த்தது தன் சின்ன மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான். உங்களுக்கு இது பிடிக்கும் என்று தோன்றியது.

இனி அந்த 75 வயதுக் கணக்கு. ராபர்ட் மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2012-இல், தம் 100-ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-இல், 102-ஆம் வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். இடையில் முறையாகப் பயிற்சி எடுத்தார். அதில் பெரும்பகுதி லேசான ஓட்டம்தான். எல்லோரும் அவரைப் போல ஆகிவிடுவோம் என்று சொல்லவில்லை. ஆனால் உடல் முன்னேறும் வயதைத் தாண்டிவிட்டேன் என்று 64-இல் நீங்கள் முடிவுகட்டியது சரியில்லை.

உங்கள் பயத்தில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு. அதை இரவில் உருட்டிக்கொண்டிருக்காமல் பகலில் தீர்த்துவிடலாம். தனியாகப் போகும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும்: உங்கள் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், அழைக்க வேண்டிய எண், கூடவே “பள்ளியில் ஒரு குழந்தை காத்திருக்கும்” என்ற ஒரு வரி. உங்களால் போக முடியாத நாளில் அவளை அழைத்துவர இன்னொருவரின் பெயரைப் பள்ளியில் இப்போதே பதிந்துவையுங்கள். அவர் யார் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். அவளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார் என்பது இன்னும் எழுத்தில் இல்லையென்றால், வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்று மாலை அவள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. “உடம்புக்கு ஒன்றுமில்லை, முதல் நாளே அதிக தூரம் போய்விட்டேன், இனி கொஞ்சம் கொஞ்சமாகப் போவேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சீட்டை உயர்த்த அவளையே கூப்பிடுங்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் இடுப்பு சாய்கிறதா என்று தெரியாது; பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.