பார்வையற்றவர்கள் படிக்கும்படி புத்தகங்களை மாற்றும் பணியில், தமிழ் மட்டும் தெரிந்தவர் உதவ முடியுமா?

வேலூரில் இருப்பதாகவும், தமிழ் நன்றாகப் படிப்பீர்கள் ஆனால் கணினி அவ்வளவாகப் பழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக உதவலாம். நான் காட்பாடியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறேன். ஸ்கேன் செய்து கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். வரிவரியாக உட்கார்ந்து படித்துத் திருத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் என்விடிஏ மாதிரியான திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அதில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஓசிஆர் மென்பொருள் அந்தப் படத்தை எழுத்தாக மாற்றித் தந்த பிறகுதான் குரல் வரும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'பாடம்' என்பதைப் 'பரடம்' ஆக்கிவிடும். அச்சு மங்கிய இடத்தில் புள்ளி காணாமல் போகும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகம் என்றால், 'லை', 'னை' எல்லாம் பழைய கொம்பு வடிவத்தில் இருக்கும். அங்கே இன்னும் தடுமாறும்.

'பரடம்' என்று வந்தால் கேட்பவருக்கே தப்பு என்று தெரிந்துவிடும். எனக்குப் பயம் அந்த மாதிரிப் பிழையில் இல்லை. 'அவள்' என்பது 'அவன்' ஆகிவிட்டால்? 'மணம்' 'மனம்' ஆகிவிட்டால்? இரண்டுமே சரியான சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. கதையில் பேசுவது யார் என்பதே மாறிப்போகும். எண்கள் இன்னும் மோசம். வேலூர்ப் புரட்சி நடந்த 1806, '1866' என்று விழுந்திருந்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் அதையே மனப்பாடம் செய்துகொண்டு தேர்வு அறைக்குப் போவார். மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. அதனால்தான் கணினி அறிவைவிட உங்கள் பொறுமை பெரிது என்கிறேன்.

ஒப்பிடும்போது ஆசிரியரின் நடையைத் திருத்தாதீர்கள். பழைய சொல், வட்டார வழக்கு, ஏன் அச்சுப் புத்தகத்தில் உள்ள சந்திப்பிழைகூட அப்படியே இருக்கட்டும். பார்வை உள்ளவர் படிக்கிற அதே புத்தகம்தான் பார்வையற்றவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், பக்கத்தின் தலையில் ஒவ்வொரு முறையும் வரும் புத்தகத் தலைப்பை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வாக்கியத்தின் நடுவே அது ஒலிக்கும். ஆனால் பக்க எண்ணை விட்டுவிடக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் "84-ஆம் பக்கம் எடுங்கள்" என்றால் பார்வையற்ற மாணவரும் எடுக்க வேண்டுமே. அத்தியாயத் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல், வேர்டு மென்பொருளில் உள்ள தலைப்பு (Heading) வடிவத்தைக் கொடுங்கள். அப்போதுதான் ஒரே விசையில் அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும். படத்துக்கு விளக்கம் எழுதுங்கள். 'வேலூர்க் கோட்டை' என்று பெயரை மட்டும் போட்டால் ஒன்றும் கிடைக்காது. கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி, உள்ளே கோயில் கோபுரம் என்று படத்தில் தெரிவதைச் சொல்லுங்கள்.

பிடிஎஃப் கிடைத்துவிட்டதே, ஸ்கேன் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். இப்போதைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவாக இருந்தால் புரியாத குறிகளாக வரும். திரைவாசிப்பான் படிப்பதும் அதையேதான்.

சட்டம் பற்றிய பயம் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படி மாற்றுவதை அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் கோப்பு அவர்களுக்கானது, வாட்ஸ்அப் குழுக்களில் எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். 2016-ல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும், புக்ஷேர் என்ற இன்னொரு இணைய நூலகமும் இப்படி மாற்றிய புத்தகங்களை முறைப்படி பகிர்வதற்கென்றே இருக்கின்றன. முதலில் கைப்பழக்கம் வேண்டுமென்றால் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமை நூல்களை மெய்ப்புப் பாருங்கள். படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று திறக்கும், கற்றுக்கொள்ள எளிது.

எந்தப் புத்தகம் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நமக்குப் பிடித்த பக்தி நூலையும் தன்னம்பிக்கை நூலையும் தேடித் தேடிக் கொடுப்பது நடக்கிறது. கேட்கிறவருக்குத் தேவை வங்கித் தேர்வு வழிகாட்டியாகவோ, புதிதாக வந்த நாவலாகவோ இருக்கும். உங்கள் ஊர்க் கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களிடமே கேளுங்கள். கேட்ட புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்து முதலில் அவரிடம் கொடுங்கள். எங்கே தடங்குகிறது என்று கேட்டு, அதற்கேற்ப மிச்சத்தைச் செய்யுங்கள். தேர்வுக்கான புத்தகம் என்றால் தேர்வுத் தேதியையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.