பல் பிடுங்கிய குழியில் வெள்ளைப் படலம்: சீழா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி மூன்று நாள் ஆகிறது. வலி குறைந்துவிட்டது. ஆனால் குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டேன். சீழ் என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வாயைத் திறந்துகூடப் பார்க்காதவர் சீழ் என்று எப்படிச் சொன்னார்? பிடுங்கிய மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்.

குழியில் முதலில் இரத்தம் உறையும். இரண்டு மூன்று நாளில் அதன்மேல் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மெல்லிய படலம் படியும். அதற்கு அடியில்தான் புதுச் சதை வளர்கிறது. கண்ணாடி முன் நின்று பல்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வலி தாங்காமல் ஓடி வருகிறவர்கள் ஏராளம். இளஞ்சூட்டு உப்புநீரை வாயில் வைத்திருந்து, காறித் துப்பாமல் தானாக வழியவிடுங்கள், அது போதும். புகை கூடவே கூடாது. ஈறு மூடச் சில வாரமும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதமும் ஆகும்.

சீழ் என்றால் வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் ஏறும், காய்ச்சல் வரும். குறைந்துவந்த வலி திடீரென்று காதுவரை தெறித்து, வாய் நாறினால் உறைந்த இரத்தம் கழன்று குழி காய்ந்திருக்கலாம். அதற்கும் கடை மாத்திரை உதவாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு பிரிவினருக்கு மட்டும் வேறு கணக்கு. எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் அவர்கள். அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் அமில ஊசி போன்றவை எலும்பு புதுப்பிக்கப்படும் வேகத்தைக் குறைப்பவை. இவர்களில் சிலருக்குக் குழி மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரியும். மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. புற்றுநோய்க்கான ஊசியில் ஆபத்து கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு அந்த ஊசியை ஆண்டுக்கு ஒருமுறைதான் போடுவார்கள். 'மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் யாருக்கு அது நினைவு வரும்? சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று இரண்டைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்க்கிறார்கள்; பிடுங்கிய பிறகு வாயில் பஞ்சைத் திணித்து, பதில் பேச முடியாதவரிடம் அறிவுரையை ஒப்பிக்கிறார்கள். எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நீங்கள் அப்படி ஊசி போட்டவராக இருந்து, குழியில் தெரிவது படலமாக இல்லாமல் கெட்டியாக இருந்தால், ஊசியின் பெயரையும் போட்ட தேதியையும் எழுதிக்கொண்டு பல் மருத்துவரிடம் போங்கள்.